இருபது நிமிட நாடகங்களும் அவற்றைப் பார்த்தவர்களும்



நம் மாநிலத்தில் 1954 முதல் நாடக நிகழ்ச்சிகள் சட்டம் என்று ஒன்று இருந்தது. நாடகம் போடுகிறவர் பிரதியை முன்கூட்டியே காவல்துறையிடம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். எம்.ஆர். ராதாவின் வாயை அடைக்கத்தான் அந்தச் சட்டமே வந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஞாநி தொடுத்த வழக்கில், 2013 ஜனவரியில், அது அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நல்லது. ஆனால் அந்தத் தீர்ப்பைப் படித்தபோது எனக்கு வேறொன்று தோன்றியது. ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் நாம் போட்ட தெரு நாடகங்களை யாராவது வரி விடாமல் படித்திருந்தால், அது ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டராகத்தான் இருந்திருக்கும். நாடகம் எழுதும் நாம் ஒருவர் பிரதியை இன்னொருவர் படிப்பதில்லை. போய்ப் பார்க்கிறோம், முடிந்ததும் கையைப் பிடித்து "சூப்பர் தோழர்" என்கிறோம், டீ குடிக்கிறோம், கலைந்து போகிறோம். கவிதைத் தொகுப்பு வந்தால் பத்து பேர் எழுதுகிறார்கள். நாவல் வந்தால் கருத்தரங்கமே நடக்கிறது. இருபது நிமிட நாடகத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுத ஆளில்லை.

கே.ஏ. குணசேகரன் நினைவாகப் பேச அழைத்தபோது இதைத்தான் பேச வேண்டும் என்று முடிவு செய்தேன். கே.ஏ.ஜி. மறைந்தது 2016 ஜனவரி 17. பாடகராக அவரை எல்லோருக்கும் தெரியும். இன்குலாபின் 'மனுசங்கடா' பாடலை ஊர் ஊராகக் கொண்டுபோனது அவர் குரல். 'வடு' எழுதியவராக மாணவர்களுக்குத் தெரியும். நாடகக்காரராகத் தெரிந்தவர்கள் குறைவு. இந்தக் குறைவுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது அவருக்கு வெகு முன்பே தொடங்குகிறது.

தமிழ் மேடையில் நாம் ஏறியதே இரண்டு வேடங்களில். ஒன்று நந்தன். இன்னொன்று வீரவாகு. அரிச்சந்திரன் கதையில், நாட்டையும் மனைவியையும் மகனையும் இழந்த ராஜா கடைசியில் ஒரு புலையனுக்கு அடிமையாக விற்கப்படுகிறான். வாங்கியவர் வீரவாகு, சுடுகாட்டுக்கு உரியவர். முழத்துண்டும் கால்பணமும் வாய்க்கரிசியும் வசூலித்து, சுடலையைக் காப்பதுதான் ராஜாவுக்குக் கொடுத்த வேலை. மயான காண்டம் என்றால் கூட்டம் அழும். கூத்திலும் அழுதது, வால்டாக்ஸ் ரோடு ஒற்றைவாடை தியேட்டர் போன்ற கொட்டகைகளில் கம்பெனி நாடகம் கொடிகட்டிப் பறந்த காலத்திலும் அழுதது. இன்றும் பல சுடுகாட்டு வாசலில் அரிச்சந்திரன் கோயில் இருக்கிறது, பாடையை அங்கே இறக்கி வைத்துத்தான் உள்ளே போகிறோம்.

அந்த அழுகையைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். ராஜாவுக்கு வரக்கூடிய துன்பங்களிலேயே கடைக்கோடித் துன்பம் என்று கதை எதை வைத்திருக்கிறது? நம்மிடம் வேலைக்கு வந்ததை. நாம் தலைமுறை தலைமுறையாகச் செய்யும் வேலையை ஒருவன் சில காலம் செய்ததற்காக ஊரே கண்ணீர் விட்டது. அதே மேடையில் வீரவாகு பெரும்பாலும் குடித்துவிட்டுத் தள்ளாடுகிறவராக, சிரிப்பு மூட்டுகிறவராக வந்து போனார். காசிமேட்டுச் சுடுகாட்டில் வேலை செய்கிறவர் அந்த நாடகத்தைப் பார்த்திருந்தால் எந்த இடத்தில் அழுதிருப்பார், எந்த இடத்தில் சிரித்திருப்பார்? அதை யாரும் எழுதி வைக்கவில்லை.

நந்தன் கதை இதைவிட நுணுக்கமானது. பெரியபுராணத்தின் திருநாளைப்போவாரை எடுத்து 1860களின் தொடக்கத்தில் கோபாலகிருஷ்ண பாரதி கீர்த்தனை ஆக்கினார். புராணத்தில் இல்லாத ஒரு வேதியர், நந்தனை அடிமையாக வைத்திருக்கும் பண்ணையார், அதில் வந்து சேர்ந்தார். உண்மையில் இது பெரிய விஷயம். பக்திக் கதைக்குள் பண்ணையடிமை முறை நுழைந்துவிட்டது. ஆனால் முடிவு மாறவில்லை. நெருப்பில் இறங்கி 'சுத்தமாகி' வெளியே வந்தால்தான் சிதம்பரம். அது மேடையாகி, 1935இல் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாக நடித்த சினிமாவாகி, 1942இல் தண்டபாணி தேசிகர் நடித்து மறுபடியும் சினிமாவாகி, ஒவ்வொரு முறையும் நந்தன் எரிந்துகொண்டே இருந்தான்.

இந்த இரண்டு கதைகளுக்கும் பதில் சொன்னவர் யார் தெரியுமா? அயோத்திதாசப் பண்டிதர். 1907இல் ராயப்பேட்டையிலிருந்து தமிழன் இதழைத் தொடங்கிய அதே பண்டிதர். அவர் எழுத்துகளின் தலைப்புகளைப் பாருங்கள்: 'நந்தன் சரித்திர தந்திரம்', 'அரிச்சந்திரன் பொய்கள்'. நந்தனை அவர் பக்தனாக ஏற்கவில்லை. சூழ்ச்சியால் கொல்லப்பட்ட பௌத்த அரசன் என்றார். அவருடைய வரலாற்று முடிவுகளை ஏற்பதும் ஏற்காததும் வேறு விவாதம். ஊரே கதையாகக் கேட்டுக் கண்ணீர் விட்ட ஒன்றை, பார்க்கும் இடத்தை மாற்றிக்கொண்டு, சேரிப் பக்கமிருந்து ஒருவர் பார்த்து எழுதினார் என்பதுதான் எனக்கு முக்கியம். தமிழ் நாடக விமர்சனத்தின் வரலாற்றைப் பாடமாக எழுதுகிறவர்கள் பம்மல் சம்பந்த முதலியாரிலிருந்தும், 1891இல் அவர் தொடங்கிய சுகுண விலாச சபாவிலிருந்தும் ஆரம்பிப்பார்கள். நான் பண்டிதரின் இந்த இரண்டு தலைப்புகளிலிருந்து ஆரம்பிப்பேன்.

பிறகு நீண்ட இடைவெளி. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் எரிக்கப்பட்ட பிறகுதான் நந்தனின் நெருப்பைத் தமிழ் நாடகம் கொலையாகப் பார்த்தது. இந்திரா பார்த்தசாரதியின் 'நந்தன் கதை' 1978இல் வந்தது. எதிர்ப்பு உண்டு, மரியாதையும் உண்டு. ஆனால் அதிலும் நந்தனுக்காக வேறொருவர் பேசினார்.

அதே காலத்தில்தான் நாடகம் கொட்டகையை விட்டுத் தெருவுக்கு வந்தது. 1977இல் காந்திகிராமத்தில் நாடகப் பயிற்சிப் பட்டறை, 1980இல் சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலத்தில் பாதல் சர்க்கார் நடத்திய பட்டறை, மதுரையில் மு. ராமசாமியின் நிஜ நாடக இயக்கம், 1984இல் பிரளயனின் சென்னைக் கலைக் குழு. திரை வேண்டாம், லைட் வேண்டாம், சீன் தட்டி வேண்டாம். நடிகரின் உடம்பும் குரலும் போதும் என்று ஆனது. 1989 புத்தாண்டு நாளில் டெல்லிக்குப் பக்கத்தில் சாகிபாபாத்தில் நாடகம் நடத்திக்கொண்டிருந்த சப்தர் ஹாஷ்மி தாக்கப்பட்டு மறுநாள் இறந்தார்; அவர் துணைவி மாலாஸ்ரீ ஜனவரி 4 அன்று அதே இடத்துக்குத் திரும்பிப் போய் அந்த நாடகத்தை நடத்தி முடித்தார். இந்தியாவெங்கும் தெரு நாடகத்துக்கு அது புது ரத்தம் ஏற்றியது.

நம் பகுதிக்கு இந்த வடிவம் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. எண்ணூர் நெடுஞ்சாலையில் ஷிப்ட் முடிந்து ஆட்கள் வெளியே வரும் நேரம், பஸ் பிடிக்கும் அவசரம், அதற்குள் இருபது நிமிடம். உட்கார இடமில்லை. லாரி ஹாரனுக்கு மேலே குரல் எழ வேண்டும். குறுநாடகம் குறுகியதாக இருப்பதற்கு முதல் காரணம் அழகியல் கிடையாது. பார்க்கிறவர் நின்றுகொண்டிருக்கிறார், அதுதான். நின்றுகொண்டிருப்பவரைப் பிடித்து வைக்க முதல் நிமிடத்திலேயே எதையாவது உடைக்க வேண்டும். இதை ஒரு தொழில்நுட்பமாகவே நம் ஆட்கள் கற்றுவைத்திருந்தார்கள்.

ஒரு மனக்குறையும் உண்டு, சொல்லிவிடுகிறேன். தொழிற்சங்கம் போட்ட நாடகங்களில் நாம் தொழிலாளியாக வந்தோம், சேரிக்காரராக வரவில்லை. 1921இல் பி அண்ட் சி மில் வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலானோர் வேலைக்குப் போனார்கள். சாதி மோதலாகி, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது. கருங்காலிகள் என்று ஒரே சொல்லில் முடித்துவிடக் கூடிய விஷயமா அது? சங்கத்தில் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள், கடனும் பசியும் யாரை முதலில் பிடித்தது, எம்.சி. ராஜா ஏன் அப்படிப் பேசினார், இதையெல்லாம் விசாரிக்க ஒரு மேடை தேவைப்பட்டது. நூறு ஆண்டு தாண்டிவிட்டது. வடசென்னையின் மிகப் பெரிய நாடகம் இன்னும் எழுதப்படாமல் கிடக்கிறது.

கே.ஏ.ஜி. உள்ளே வருவது இந்த இடத்தில். அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டிய அலை. தலித் இலக்கியம் என்றால் என்ன என்று 'நிறப்பிரிகை'யிலும் புதுச்சேரியிலும் மதுரையிலும் விவாதம் கொதித்துக்கொண்டிருந்த 1990களின் தொடக்கம். மதுரை இறையியல் கல்லூரி வளாகத்தில் தியோபிலஸ் அப்பாவு போன்றவர்கள் பறையையும் பாட்டையும் வழிபாட்டுக்குள்ளேயே கொண்டுவந்துகொண்டிருந்தார்கள். 'பலி ஆடுகள்' அப்போது வந்தது. தமிழின் முதல் தலித் நாடகம் என்று பலரும் அதைக் குறிப்பிடுகிறார்கள். 'முதல்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு நாம் அதற்கு மாலை போட்டுவிட்டோம். நாடகத்தைப் பேசவில்லை.

கதைச் சுருக்கம் எளிது. ஒரு நரபலி தேவை என்று ஆகிறது. உயர்ந்த சாதிக்காரர் பலியாக முடியாது. சாத்திரம் உடனே வழி காட்டுகிறது. சுமை நகர்ந்து நகர்ந்து தலித் ஆணின் தலையில் வந்து உட்காருகிறது. இதுவரை நாம் எதிர்பார்த்த நாடகம்தான். பிறகு அந்த ஆள் தனக்குப் பதிலாகத் தன் மனைவியைக் காட்டுகிறான்.

இந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று யோசியுங்கள். அதுவரை பார்வையாளர் கூட்டத்தில் இருக்கும் நம் ஆண்களுக்கு அந்தத் தலித் பாத்திரம் நிற்கும் இடம்தான் தன் இடம். கோபம் ஏறிக்கொண்டே வருகிறது. சட்டென்று காலடியில் பலகை நகர்கிறது. தன்னை அழுத்திய அதே தருக்கத்தை, ஒரு எழுத்துக்கூட மாற்றாமல், அவன் மனைவி மீது பயன்படுத்துகிறான். மனு சொல்லும் வரிசையில் கடைசிப் படி என்று நினைத்த இடத்துக்குக் கீழே இன்னொரு படி இருக்கிறது. அதில் ஒரு பெண் நிற்கிறாள். 'இயக்கம் இப்போதுதான் எழுந்து நிற்கிறது, முதல் நாடகத்திலேயே நம் ஆணை இப்படிக் காட்ட வேண்டுமா' என்று கேட்கிறவர்கள் உண்டு. என் நேரிலேயே கேட்டிருக்கிறார்கள். முதல் நாடகத்திலேயே காட்டியதுதான் கே.ஏ.ஜி.யின் துணிச்சல் என்பேன். பத்தாவது நாடகத்தில் காட்டியிருந்தால் அது திருத்தம் மாதிரி ஆகியிருக்கும். முதலிலேயே காட்டியதால் தலித் நாடகம் என்ற வடிவமே தன்னைக் கேள்வி கேட்டுக்கொண்டு பிறந்தது.

குறை இல்லையா? உண்டு. அந்த மனைவிக்கு நாடகத்தில் இன்னும் வாய் வேண்டும் என்று எனக்கு எப்போதும் தோன்றும். அவள் பலியாகும்போது நாம் துடிக்கிறோம். அவள் என்ன நினைத்தாள் என்பது நமக்குப் போதிய அளவு கிடைப்பதில்லை.

அவர் இன்னொரு நாடகத்துக்கு 'தொடு' என்றே பெயர் வைத்தார். நாவலில் தீண்டாமை ஒரு செய்தி. மேடையில் அது ஒரு தூரம். இரண்டு உடம்புகளுக்கு நடுவே எத்தனை அடி என்று கண் அளந்துவிடும். மராத்தியில் 1970களின் பிற்பகுதியில் பிரேமானந்த் கஜ்வி எழுதிய 'கோட்பர் பாணி', அதாவது ஒரு மடக்குத் தண்ணீர், இதைச் செய்து காட்டிய ஓரங்க நாடகம். மேடையில் இரண்டே பேர். செட் கிடையாது. 1927 மார்ச் 20 அன்று மகாட் சவுதார் குளத்தில் பாபாசாகேப் கையில் அள்ளிய நீருக்கும், ஐம்பது ஆண்டு கழித்து ஒருவனுக்கு மறுக்கப்படும் மடக்கு நீருக்கும் நடுவில் இருக்கும் தூரம்தான் நாடகம். மூன்று மணி நேரம் அதை நீட்டினால் தாகம் ஆறிவிடும்.

அடுத்தது என் காலத்து ஆட்கள். ஸ்ரீஜித் சுந்தரம் இயக்கும் 'கட்டியக்காரி' குழுவின் பெயரிலேயே பாதி விமர்சனம் இருக்கிறது. கூத்தில் கட்டியங்காரன்தான் ராஜா வருகையை அறிவிக்கிறவர். அதே வாயால் ராஜாவைக் கிண்டல் செய்யவும் உரிமை பெற்றவர். அந்த உரிமையைப் பெண்பாலாக்கி எடுத்துக்கொண்டார்கள். பாமாவின் 'மொளகாப்பொடி' சிறுகதையை அவர்கள் மேடையேற்றினார்கள். நிலச்சொந்தக்காரி கங்கம்மா, புல்லறுக்க வரும் நம் பெண்கள், கண்ணில் விழும் மொளகாப்பொடி, பிறகு போலீஸ். கேட்டால் கொடுமைக் கதை. பாமா எழுதியதோ சிரிப்பும் வாயாடலும் கலந்து. நடித்தவர்களில் திருநங்கைகளும் இருந்தார்கள். யார் பெண்ணாக மேடையில் நிற்கலாம், யாருடைய உடம்பை ஊர் பார்த்துச் சிரிக்கும், அந்தச் சிரிப்பை யார் கையில் எடுப்பது என்று கதைக்கு மேல் இன்னொரு கதை அதில் ஓடியது. வீரவாகுவைப் பார்த்துச் சிரித்த சிரிப்பும் இந்தச் சிரிப்பும் வேறு. அங்கே நம்மை வைத்துச் சிரித்தார்கள். இங்கே சிரிக்கிறவர்கள் நாம். கங்கம்மா கோபத்தில் குதிக்கக் குதிக்க நாம் சிரிக்கிறோம், கண் எரிந்துகொண்டே சிரிக்கிறோம். அடிபட்டவர் அழ வேண்டும் என்று எதிர்பார்த்து வரும் அனுதாபப் பார்வையாளருக்கு அது பெரிய சங்கடம். அந்தச் சங்கடத்துக்காகவே அந்த நாடகத்தைத் திரும்பத் திரும்பப் போட வேண்டும்.

2017இல் ஜெயராணியின் எழுத்திலிருந்து ஸ்ரீஜித் உருவாக்கிய 'மஞ்சள்' காமராஜர் அரங்கில் நடந்தது. மலம் அள்ளும் தொழிலைப் பற்றிய நாடகம் நகரத்தின் பெரிய ஹாலுக்குள் போய் உட்கார்ந்தது ஒரு வெற்றி. குறுநாடகம் இல்லை என்பதால் அதை இங்கே விரிக்கவில்லை. ஒன்று மட்டும்: அதற்குப் பேட்டிகள் வந்தன, கட்டுரைகள் வந்தன. ஹாலுக்குள் போனால் எழுதுகிறார்கள்.

தெருவில் நடந்ததை யார் எழுதுவது? ஒரு நாடகத்தைச் சொல்கிறேன். திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு நண்பர் போட்டது. தார் ரோட்டில் சாக்பீஸால் ஒரு வட்டம். அதுதான் மேன்ஹோல். மூன்று பேர், ஒரு கயிறு, ஒரு செல்போன். ஒருவர் வட்டத்துக்குள் குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் இறங்கிவிட்டார் என்று அர்த்தம். மேலே இருப்பவர் காண்டிராக்டரிடம் போனில் பேசிக்கொண்டே கயிற்றைப் பிடித்திருக்கிறார். பேச்சு நீள நீளக் கயிறு தளர்கிறது. வசனத்தில் ஒரு இடத்திலும் சாதி என்ற சொல் கிடையாது. 2013இல் கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம் வந்ததும், குழியில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் நாடகத்தில் இல்லை. தொகை 30 லட்சமாக 2023இல் உயர்ந்ததெல்லாம் பிறகு. கயிறு தளர்ந்தபோது கூட்டத்திலிருந்து, ரிட்டயர் ஆன ஒரு துப்புரவுத் தொழிலாளி என்று பிறகு தெரிந்தது, ஒரு பெரியவர் கத்தினார்: "டேய், கயித்த இஸ்து கட்டுடா, அவன் மூச்சு வுடல பாரு!" நடிகர் ஒரு நொடி உறைந்து, போனைக் கீழே போட்டுவிட்டு, கயிற்றை இழுத்தார். பிரதியில் அந்த ஆள் சாக வேண்டும். அன்று சாகவில்லை.

அடுத்த வாரம் எண்ணூரில் அதே நாடகம். யாரும் கத்தவில்லை. அவர் செத்தார்.

இந்த இரண்டு நிகழ்ச்சிக்கும் உள்ள வேறுபாடு எந்தப் பிரதியிலும் கிடையாது. அப்படியொரு பிரதியும் இல்லை. ஒரு ஸ்கூல் நோட்டில் இருந்தது, மழை வெள்ளத்தில் போயிற்று. நாடகக்காரர் நாடகத்தைப் பற்றி எழுதும்போது இதைத்தான் எழுத வேண்டும் என்கிறேன். எந்தத் தெரு, என்ன நேரம், யார் நின்றார்கள், யார் ஜன்னலைச் சாத்தினார்கள், எங்கே சிரித்தார்கள், பெண்கள் எவ்வளவு தூரம் தள்ளி நின்று பார்த்தார்கள், எந்த வசனம் ஹாரனில் அடிபட்டது, மறுநாள் எது மாறியது. நல்லது கெட்டது அதற்குள்ளேயே தெரிந்துவிடும். பாராட்டு என்றால் புகழ்ச்சி என்று நினைத்துக்கொள்கிறோம். நம் குறுநாடகங்களில் பாதி, கடைசி ஐந்து நிமிடத்தில் எல்லோரும் வரிசையாக நின்று கைமுஷ்டி உயர்த்திப் பாடுவதில் முடிகிறது. சாக்பீஸ் வட்டம் சொன்னதை அந்தப் பாட்டு அழித்துவிடுகிறது. இதை எழுதும் உரிமை, நம் பக்கத்தில் நின்று கயிறு பிடித்தவருக்குத்தான் முதலில் இருக்கிறது. வெளியே இருப்பவர் சொன்னால் நமக்குக் கோபம் வரும். அந்தக் கோபத்தில் நியாயமும் இருக்கும்.

2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தது. அந்த மாதமே 26ஆம் தேதி இரவு பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து ஜனங்கள் இருட்டில் வீட்டை விட்டு ஓடினார்கள். இரண்டைப் பற்றியும் நாடகம் வரும், வர வேண்டும். மீனவர் குப்பமும் சேரியும் ஒரே காற்றைச் சுவாசித்த அந்த இரவில் யார் யார் வீட்டுத் திண்ணையில் ஒதுங்க முடிந்தது, யாருக்கு முடியவில்லை என்று கேட்கும் நாடகமாக வந்தால் மகிழ்வேன். அப்படி ஒன்றை யாராவது போட்டால் எனக்குச் சொல்லுங்கள். நோட்டோடு வருகிறேன்.

கே.ஏ.ஜி.யின் நாடகங்கள் அச்சில் இருக்கின்றன. கல்லூரியில் இருக்கும் தோழர்கள் 'பலி ஆடுகள்' நாடகத்தை எடுத்து, வகுப்பறையில் மேசையை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஒரு முறை போட்டுப் பாருங்கள். மனைவியாக நடிக்கும் மாணவியிடம், கணவன் அவளைக் காட்டும் அந்த நொடியில், பிரதியில் இல்லாத ஒரு வசனம் பேசச் சொல்லுங்கள். அவர் பேசியதை எழுதி வையுங்கள், தேதி போட்டு.